லினக்ஸ் சான்றிதழ் பரீட்சைக்கு எதைப் படிப்பது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கம்பஸ் படிப்பவர்கள், ஏ.எல். முடித்துவிட்டு இருப்பவர்கள், கல்முனை, காத்தான்குடிப் பக்கம் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களையே மாறி மாறிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதை விட எழுதி வைப்பது லேசு. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். மேலிருந்து வாசித்து வாருங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

அண்ணா, லினக்ஸ் எக்ஸாம் எண்டா ஒண்டா, கனக்க இருக்கா?

கனக்க இருக்கிறது. லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் கட்டற்ற மென்பொருள்; அதில் வேலை செய்யத் தெரியும் என்று காட்டும் பரீட்சைகள் பல. நம் பக்கத்தில் கேட்கப்படுபவை நான்கு. எல்பிஐ (லினக்ஸ் புரொஃபெஷனல் இன்ஸ்டிட்யூட்) நிறுவனத்தின் எல்பிஐசி-1, தனது பெயரிலேயே ஒரு லினக்ஸைத் தரும் ரெட் ஹெட் கம்பனியின் ஆர்எச்சிஎஸ்ஏ, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ், கொம்ப்டியாவின் லினக்ஸ் பிளஸ். இவற்றுக்குக் கீழே, புதியவர்களுக்கென்று எல்பிஐயின் லினக்ஸ் எசென்ஷியல்ஸ் இருக்கிறது.

பெயரை விடப் பரீட்சை நடக்கும் விதத்தைப் பாருங்கள். எல்பிஐசி-1இல் 101, 102 என்று இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடம்; விடையைத் தெரிவு செய்வதும், இடைவெளியில் கட்டளையை எழுதுவதும் கலந்து வரும். ஆர்எச்சிஎஸ்ஏயில் கேள்வித்தாளே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்றைத் தந்து, இதைச் செய், அதைத் திருத்து என்பார்கள். 300க்கு 210 எடுத்தால் சித்தி. எல்எஃப்சிஎஸும் அப்படித்தான், 2 மணித்தியாலம். எதைப் படிப்பது என்ற முடிவு இந்த வேறுபாட்டிலேயே பாதி வந்துவிடும்.

எனக்கு ஒண்டுமே தெரியாது. எதில இருந்து தொடங்குற?

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகடமி இணையத்தளத்தில் லினக்ஸ் அன்ஹாட்ச்ட் என்று ஒரு குட்டிப் பாடநெறி இருக்கிறது. இலவசம். பிரவுசருக்குள்ளேயே கட்டளை அடித்துப் பழகலாம், எதையும் நிறுவத் தேவையில்லை. அது பிடித்திருந்தால் அதே இடத்தில் உள்ள லினக்ஸ் எசென்ஷியல்ஸ் பாடநெறி. பிடிக்காவிட்டால், காசு கட்டுவதற்கு முன்பே தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்எஸ்101 என்ற அறிமுகப் பாடநெறியையும் இலவசமாகப் படிக்கலாம். இரண்டையும் ஒருசேரத் தொடங்காதீர்கள். நான் பார்த்தவரை இங்கே படிக்கப் பாடங்கள் கிடைக்காமல் நின்றவர் யாருமில்லை. பத்துப் பாடநெறியில் பெயர் பதிந்து எதிலும் மூன்றாம் பாடத்தைத் தாண்டாதவர்கள்தான் அதிகம்.

சேர், ஒரே ஒரு புத்தகத்துட பேர் சொல்லுங்க, அதையே படிக்கிறன்.

புத்தகத்துக்கு முதல் ஒரு காகிதம் இருக்கிறது. பரீட்சை நடத்துபவர்களே வெளியிடும் பாடத்திட்டப் பட்டியல். எல்பிஐ அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு நிறை போடுகிறது. நிறை 4 என்றால் அந்தத் தலைப்பில் ஏறக்குறைய 4 கேள்விகள். 101ஆம் தாளின் நிறைகளைக் கூட்டிப் பாருங்கள்: கட்டளை வரி பற்றிய 103ஆம் தலைப்புக்கு மட்டும் 60இல் 26. இதைப் பார்க்காமல் படிப்பவர், முதல் அத்தியாயத்தில் உள்ள வன்பொருள் விபரங்களிலேயே மூன்று வாரம் போக்கிவிட்டு, மறுகா 103க்கு நேரமில்லை என்பார். பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

சரி, புத்தகம். எல்பிஐசி-1க்கு எல்பிஐயே எழுதி இலவசமாகத் தரும் கற்றல் தொகுப்பு இருக்கிறது. பிடிஎஃப் ஆகவும் இறக்கலாம். பட்டியலின் வரிசையிலேயே போகும், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பயிற்சியும் விடையும் உண்டு. என் முதல் தெரிவு அதுதான். அது வரட்சியாக இருக்கிறது என்பவர்களுக்கு வில்லியம் ஷொட்ஸ் எழுதிய தி லினக்ஸ் கொமாண்ட் லைன். அதையும் ஆசிரியரே இலவச பிடிஎஃப் ஆகத் தருகிறார். பரீட்சைக்கென்று எழுதியது அல்ல. ஆனால் கட்டளை வரியை இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரும் நூல் குறைவு. ஷொட்ஸை வாசித்துவிட்டு எல்பிஐ தொகுப்புக்குப் போனால் அது பாதிப் பாரமாகத்தான் தெரியும்.

தமிழ்ல ஏதும் இருக்கா? நான் ஏ.எல். தமிழ் மீடியம்.

இருக்கிறது. கணியம் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யா எழுதிய எளிய தமிழில் குனு/லினக்ஸ் மின்னூலை இலவசமாக இறக்கலாம். கோப்பு, அனுமதி, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற அடிப்படைகள் மனதில் பதிவதற்கு இவை போதும்.

ஆனால் பரீட்சை தமிழில் இல்லை. எனவே விளக்கத்தைத் தமிழில் எடுத்துக்கொண்டு, பயிற்சியை ஆங்கிலத்தில் செய்யுங்கள். பரீட்சைக் கேள்விகளின் ஆங்கிலம் ஒன்றும் கடினமில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். பழக வேண்டியது மேன் பக்கங்களின், அதாவது லினக்ஸுக்குள்ளேயே ஒவ்வொரு கட்டளைக்கும் இருக்கும் விளக்கப் பக்கங்களின் ஆங்கிலம். தினமும் ஒரு கட்டளையின் மேன் பக்கத்தை முழுதாக வாசியுங்கள். ஒள்ளுப்பம் விளங்கினாலும் போதும். ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது சில வாரங்களில் உங்களுக்கே தெரியும்.

காசு குடுத்து வாங்குற கோர்ஸ் வேணுமா? யூடியூப் காணாதா?

அடிப்படைக்கு யூடியூப் காணும். காசுக் கோர்ஸில் உண்மையில் கிடைப்பது ஒழுங்கும் பயிற்சிக் கேள்விகளும். நீங்களாகவே பட்டியலைப் பின்பற்றிப் போகக்கூடியவர் என்றால் அந்தக் காசைப் பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருங்கள்.

வீடியோவில் ஒரு சிக்கல். இன்னொருவர் அடிப்பதைப் பார்க்கும்போது எல்லாம் விளங்கிவிட்டது போலவே இருக்கும். பத்து நிமிட வீடியோ பார்த்தால் அதை மூடிவிட்டு அரை மணித்தியாலம் நீங்களே அடியுங்கள். அதற்குத் தோதான இலவச இடம் ஓவர்தவயர் இணையத்தளத்தின் பேண்டிட் விளையாட்டு. தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் மூலம் அவர்களின் சர்வருக்குள் போய், ஒவ்வொரு நிலையிலும் அடுத்த கடவுச்சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். 30க்கு மேற்பட்ட நிலைகள். எழுத்துகள் மட்டும் போய்வருவதால் டேட்டாவும் பெரிதாகப் போகாது. கோப்புகளைத் திருத்தும் விஐ எடிட்டருக்கு விம்டியூட்டர் என்று அடித்தாலே பாடம் திறக்கும். அரை மணித்தியாலத்தில் முடியும்.

என்ட லெப்டொப் பழசு, 4 ஜிபி ரேம் தான். டேட்டாவும் பெரிசா இல்ல. இதில சரிவருமா?

சரிவரும், எதை இறக்குகிறீர்கள் என்று பார்த்து இறக்கினால். லினக்ஸ் பல வகைகளில் வருகிறது. நிறுவுவதற்கு இறக்கும் கோப்புத்தான் ஐஎஸ்ஓ. டெபியன் என்ற வகையின் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ ஒரு ஜிபிக்குள். ரெட் ஹெட் லினக்ஸைப் போலவே இருக்கும் இலவச வகைகளான ரொக்கி லினக்ஸ் அல்லது அல்மாலினக்ஸின் மினிமல் ஐஎஸ்ஓ 2 ஜிபி அளவில் வரும். டிவிடி ஐஎஸ்ஓவைத் தெரியாமல் சொடுக்கினால் 10 ஜிபி பக்கம் போகும். நைட் டேட்டா உள்ள பாக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுங்கள். ஒருவர் இறக்கியதை நண்பர்கள் எல்லோரும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படியே அனுமதி உண்டு. அதற்குத்தான் இது கட்டற்ற மென்பொருள்.

கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை (வெர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் வெர்ச்சுவல்பொக்ஸில் டெஸ்க்டொப் இல்லாமல் நிறுவினால் டெபியனுக்கு 1 ஜிபி ரேம் கொடுத்தாலே ஓடும். ரொக்கிக்கு 2 ஜிபி கொடுங்கள். 4 ஜிபி லெப்டொப்பில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்டலாம். விண்டோஸே இழுபடுகிறது என்றால், அதை எடுத்துவிட்டு லுபுண்டு போன்ற இலேசான ஒன்றை நேரடியாக நிறுவுவது புத்தி. நாள் முழுக்க லினக்ஸிலேயே இருக்க வேண்டிவரும், அதுவும் ஒரு படிப்புத்தான்.

செகண்ட்ஹேண்ட் லெப்டொப் வாங்குபவர்கள் கவனியுங்கள். ரெட் ஹெட் லினக்ஸின் 10ஆம் பதிப்பு x86-64-வி3 என்ற தரத்தில் உள்ள பிராசஸரைக் கேட்கிறது. இன்டெலில் அது 2013இல் வந்த ஹாஸ்வெல், அதாவது கோர் ஐ வரிசையின் 4ஆம் தலைமுறை முதல். அதற்குப் பின் வந்த செலரோன், பென்டியம் பலவற்றிலும் இந்த வசதி இல்லை. ரொக்கி 10உம் அதே நிபந்தனைதான். அல்மாலினக்ஸ் மட்டும் பழைய பிராசஸர்களுக்கென்று 10ஆம் பதிப்பைத் தனியாகவும் தருகிறது. கடைக்காரர் ரேமும் எஸ்எஸ்டியும் சொல்வார், இதைச் சொல்லமாட்டார்.

நானா, உபுண்டு மட்டும் போட்டுப் படிச்சாக் காணாதா?

எல்பிஐசி-1க்குக் காணாது. உபுண்டு டெபியன் வழி வந்தது. பரீட்சையில், மென்பொருள் நிறுவும் கட்டளைகளாக டெபியன் பக்கத்து டிபிகேஜி, ஏபிடியும் வரும், ரெட் ஹெட் பக்கத்து ஆர்பிஎம், யம்மும் வரும், சூசே என்ற இன்னொரு வகையின் ஸிப்பரும் தலைகாட்டும். உபுண்டுவில் இருந்துகொண்டு ஆர்பிஎம் கட்டளைகளை மனப்பாடம் செய்தவர் பரீட்சையில் ஒரு எழுத்து மாறிப் போட்டுவிடுவார். மேலே சொன்ன டெபியன், ரொக்கி இரண்டு மெஷின்களையும் வைத்து, ஒரே வேலையை இரண்டிலும் செய்து பாருங்கள். எல்எஃப்சிஎஸுக்கு மட்டும்தான் என்றால் உபுண்டுவிலேயே பெரும்பகுதியைப் பழகலாம்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் பற்றியும் இதோடு கேட்பார்கள். கட்டளை பழக நல்லது. ஆனால் கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றும் க்ரப், பூட் ஆகும் முறை, டிஸ்க்கைப் பிரிப்பது போன்றவற்றை அதில் ஒழுங்காகப் பழக முடியாது.

ஃபோன்ல படிக்கலாமா?

பிடிஎஃப் வாசிக்கலாம், ஃபோனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டேர்மக்ஸ் ஆப் போட்டு பஸ்ஸில் போகும்போது கட்டளை அடித்துப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

சேர், பாஸ்ட் பேப்பர் எங்க எடுக்கலாம்?

நம் பிள்ளைகளை ஓ.எல்., ஏ.எல். இரண்டும் இப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன. பத்து வருடத்துத் தாள்களைச் செய்தால் போதும் என்ற நம்பிக்கை. இந்தப் பரீட்சைகளில் கடந்த காலத் தாள் என்று ஒன்றை வெளியிடுவதே இல்லை. பரீட்சை எழுதும் முன் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறீர்கள்.

டம்ப் என்ற பெயரில் இணையத்தில் விற்பவை திருடிய கேள்விகள், அல்லது திருடியது போல் எழுதிய கேள்விகள். பிடிபட்டால் சான்றிதழை ரத்துச் செய்யலாம். அறத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அவற்றில் உள்ள விடைகள் பல பிழை. யார் திருத்தியது என்றே தெரியாது. ஆர்எச்சிஎஸ்ஏ, எல்எஃப்சிஎஸ் இரண்டுக்கும் டம்ப் மனப்பாடம் செய்து ஒரு பிரயோசனமும் இல்லை, செய்துகாட்ட வேண்டிய பரீட்சைகள் அவை. மாதிரிக் கேள்விகள் வேண்டுமென்றால் எல்பிஐ தொகுப்பின் பயிற்சிகளைப் புத்தகத்தை மூடிவைத்துச் செய்யுங்கள். ஒரு பதிலைச் சொல்ல முடிந்தால் மட்டும் போதாது, மற்ற மூன்று விடைகளும் ஏன் பிழை என்று மெஷினில் அடித்துக் காட்ட முடிய வேண்டும்.

மாமாட பழைய லினக்ஸ் புத்தகம் ஒண்டு கிடக்கு. அதைப் படிக்கலாமா?

அட்டையில் பரீட்சை இலக்கத்தைப் பாருங்கள். எல்பிஐசி-1இன் 5.0 பதிப்புக்கு 101-500, 102-500. அட்டையில் 101-400 என்றிருந்தால் அது முந்திய பதிப்பு. அதில் எஸ்கியூஎல் பற்றியும் டிஸ்க் கோட்டா பற்றியும் பாடங்கள் இருக்கும், 5.0இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். பதிலாக, வெர்ச்சுவல் மெஷினாக ஓடும் லினக்ஸ் பற்றிப் புதிதாகச் சேர்த்தார்கள், பழைய புத்தகத்தில் அது இருக்காது. ஜிரெப், செட், பைப், கோப்பு அனுமதி போன்றவை மாறவே இல்லை. அந்த அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் பிளஸ் புத்தகத்தில் எல்எக்ஸ்0-103, 104 என்றிருந்தால் அது எல்பிஐயோடு சேர்ந்து நடத்திய காலத்துப் பரீட்சை. அப்போது அதை எழுதினால் எல்பிஐசி-1உம் சேர்த்துக் கிடைத்தது. இன்றைக்கும் அப்படித்தான் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏற்பாடு முடிந்துவிட்டது.

ஆர்எச்சிஎஸ்ஏக்கு ரெட் ஹெட்ட காசு குடுத்து வாங்கணுமா?

வேண்டாம். ரெட் ஹெட் டெவலப்பர் கணக்கு ஒன்றைத் திறந்தால் தனிநபருக்கான இலவச சந்தா கிடைக்கும். 16 கணினிகள் வரை போடலாம். அந்தப் பதிவுத் தொல்லையும் வேண்டாம் என்றால் ரொக்கி, அல்மா. முன்பு எல்லோரும் இவற்றைப் போன்ற சென்டோஸைச் சொல்வார்கள். சென்டோஸ் 8 2021 முடிவிலும் சென்டோஸ் 7 2024 ஜூனிலும் நின்றுபோயின. இன்னும் சென்டோஸ் 7இல் பாடம் நடத்தும் வீடியோக்களைத் தவிருங்கள்.

பாடப் பட்டியலை ரெட் ஹெட் தளத்தில் இஎக்ஸ்200 (ஆர்எச்சிஎஸ்ஏ பரீட்சையின் இலக்கம்) பக்கத்திலேயே எடுங்கள். பரீட்சை எந்தப் பதிப்பில் நடக்கிறது என்பதும் அங்கே இருக்கும். பதிப்பு மாறும்போது தலைப்புகளும் கூடும், குறையும்.

வீட்ட எல்லாம் சரியாச் செய்யிறன், ரீபூட் பண்ணினா ஒண்டும் இல்ல. ஏன்?

ஆர்எச்சிஎஸ்ஏயில் பலர் விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தப் பரீட்சையில் நீங்கள் செய்ததெல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்திருக்க வேண்டும். சேவையை ஸ்டார்ட் செய்தீர்கள், கணினி தொடங்கும்போது தானாக ஓடும்படி இனேபிள் செய்யவில்லை. ஃபயர்வோலில் விதியைப் போட்டீர்கள், பெர்மனன்ட் என்று சேர்க்கவில்லை. டிஸ்க்கை மவுண்ட் செய்தீர்கள் (இணைத்தீர்கள்), தொடங்கும்போது எவற்றை இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் எழுதவில்லை. இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். எஃப்ஸ்டேப்பில் பிழையாக எழுதினால் இன்னும் மோசம், மெஷின் எழும்பவே எழும்பாமல் போகலாம். எழுதியவுடன் மவுண்ட் கட்டளையை ஆல் தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே கத்தும்.

பயிற்சியை இப்படி வையுங்கள். மெஷினைச் சுத்தமாக நிறுவி, திரும்பி வருவதற்காக அந்த நிலையைச் சேமிக்கும் ஸ்னப்ஷொட் ஒன்று எடுங்கள். பட்டியலில் இருந்து பத்து வேலைகளை எழுதுங்கள்: எல்விஎம் முறையில் பிரித்த டிஸ்க் பகுதியைப் பெரிதாக்கு, எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டில் வரும் பிழையைக் கண்டுபிடி, மறந்துபோன ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லை மாற்று, இப்படி. நேரம் வைத்துச் செய்து, ரீபூட் பண்ணி, பிறகு திருத்துங்கள். முடிந்ததும் ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பி மறுநாள் அதையே செய்யுங்கள். கூகிள் பார்க்கக்கூடாது. பரீட்சையில் இணையம் இல்லை. மெஷினில் உள்ள மேன் பக்கங்களும் ஆவணங்களும் மட்டுமே துணை. தமிழ்க் கேள்வியின் கீழ் மேன் பக்கத்தைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகவும்தான்.

எத்தனை மாதம் எடுக்கும்?

தினமும் ஒரு மணித்தியாலம் மெஷினோடு இருக்கக்கூடியவருக்கு 101ஆம் தாளுக்கு மூன்று மாதம் என்று நான் சொல்வேன். ஞாயிறு மட்டும் படித்தால் கணக்குச் சொல்ல முடியாது.

எக்ஸாமுக்குக் கொழும்புக்குப் போகணுமா, வீட்ட இருந்து எழுதேலாதா?

எல்பிஐ பரீட்சைகளைப் பியர்சன் வியூ என்ற பரீட்சை நிறுவனம் நடத்துகிறது. அவர்களின் தளத்தில் உங்களுக்குக் கிட்டிய மையத்தைத் தேடலாம். அவர்களின் ஒன்வியூ என்ற இணைய முறையில் வீட்டிலிருந்தும் எழுதலாம். வீட்டு முறைக்கு அறையில் நீங்கள் மட்டும் இருக்க வேண்டும், மேசை வெறுமையாக இருக்க வேண்டும், வெப்கேமின் பார்வையை விட்டு நகரக்கூடாது, கேள்வியை வாய்விட்டு வாசிக்கவும் கூடாது. யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் பரீட்சை அத்தோடு நின்றுவிடலாம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடந்து சத்தம் கேட்கும் ஊர் என்றால் திகதியைப் பார்த்துப் போடுங்கள். கரண்ட் போனால் லெப்டொப் பற்றரி தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதற்கும் ஒரு பேக்கப் வேண்டும். இதெல்லாம் சரிவராத வீடு என்றால் முதல் நாளே போய்க் கொழும்பில் தங்கி எழுதுவது நிம்மதி. மட்டக்களப்பிலிருந்து ரயில் இருக்கிறது. அக்கரைப்பற்று, கல்முனைக்காரருக்கு பஸ்தான்.

ஆர்எச்சிஎஸ்ஏயையும் வீட்டிலிருந்து எழுதலாம். ஆனால் அவர்கள் தரும் லைவ் யூஎஸ்பியில் கணினியை பூட் பண்ண வேண்டும், தனி வெப்கேமும் கேட்பார்கள். முதலில் அவர்களின் பொருத்தச் சோதனையை ஓட்டிப் பாருங்கள்.

காசு எப்படிக் கட்டுற? பேர் எப்படிக் குடுக்கிற?

கட்டணம் டொலரில். எல்பிஐ நாட்டுக்கு நாடு விலை மாற்றிப் போடுவதால், இலங்கையைத் தெரிவு செய்த பிறகு வரும் விலையைத்தான் நம்ப வேண்டும். வங்கி டெபிட் கார்ட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். எல்எஃப்சிஎஸ் என்றால் நவம்பர் கடைசி வரை பொறுங்கள், லினக்ஸ் ஃபவுண்டேஷன் அப்போது விலை குறைப்பது வழக்கம். அந்தக் கட்டணத்துக்குள் மறுமுறை எழுதும் வாய்ப்பு ஒன்றும் அடங்கும்.

பெயர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பதிவில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எழுத ஏழெட்டு விதம் இருக்கிறது. பழைய அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயரே இல்லை. பாஸ்போர்ட்டை எடுத்து, அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.

இதை முடிச்சா வேலை கிடைக்குமா? கத்தார்ல கேக்கிறாங்களாமே?

வளைகுடா விளம்பரங்களில் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற பெயரைத்தான் நான் கூடுதலாகப் பார்க்கிறேன். போவதற்கென்று படிப்பவர் அதை நோக்கிப் போகலாம். கம்பஸ் பிள்ளைகளுக்கு, அடிப்படை விசாலமாக வருவதால், எல்பிஐசி-1 முதலில் என்பது என் அபிப்பிராயம். எதுவானாலும் சான்றிதழ் மட்டும் வேலை தராது. நேர்முகத்தில் ஒரு டேர்மினலைத் திறந்து வைத்து, டிஸ்க் நிறைந்துவிட்டது, என்ன செய்வாய் என்று கேட்பார்கள். மேலே சொன்ன பத்து வேலைப் பயிற்சியைச் செய்தவருக்கு அது புதுசாக இராது.

காலாவதியையும் பாருங்கள். எல்பிஐசி-1 5 வருடம், ஆர்எச்சிஎஸ்ஏ 3 வருடம், எல்எஃப்சிஎஸ் 2 வருடம். லினக்ஸ் எசென்ஷியல்ஸுக்கு முடிவுத் திகதி இல்லை. கம்பஸ் முதலாம் வருடத்திலேயே எல்எஃப்சிஎஸ் எடுத்தால், வேலை தேடும்போது அது முடிந்துபோயிருக்கும்.

101 பாஸ். 102 எழுத இன்னும் மனமில்ல. விட்டா 101 வீணாப் போகுமா?

உடனே போகாது. இரண்டையும் 5 வருடத்துக்குள் முடித்தால் எல்பிஐசி-1 கிடைக்கும். எந்த வரிசையில் எழுதினாலும் பரவாயில்லை. ஆனால் இடையில் பாடத்திட்டப் பதிப்பு மாறினால் 102க்குப் புதிதாகப் படிக்க வேண்டிவரும். 102இல் நெட்வொர்க்கிங்குக்கு நிறை 14, பாதுகாப்புக்கு 10. 101இல் கற்றது அங்கே அப்படியே உதவாது, வேறு வகைப் படிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய கணினி இருந்தால், இரண்டு மெஷின்களையும் ஒரே உள் நெட்வொர்க்கில் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு எஸ்எஸ்எச் சாவியோடு போவதிலிருந்து தொடங்குங்கள்.

ஒருவேளை விழுந்தாலும், எல்பிஐ தரும் பெறுபேற்றில் ஒவ்வொரு தலைப்பிலும் எத்தனை வீதம் எடுத்தீர்கள் என்று இருக்கும். அதைச் சுவரில் ஒட்டிய பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து, நிறை கூடியதும் வீதம் குறைந்ததுமான தலைப்பை முதலில் எடுங்கள்.